முதிர்ந்த காவல் நாய்க்குச் சிறுநீர்க் கோளாறு: வைத்தியம் பார்ப்பதா, எதுவரை பார்ப்பது?

ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்து, கொட்டகையில் இரண்டு கறவை மாடுகளும் நான்கைந்து ஆடுகளும் வைத்திருக்கும் வீட்டில் ஒரு நாயும் இருக்கும். மாட்டுக்குத் தீவனச் செலவு எழுதும் உழவர்கூட நாய்க்கென்று கணக்கு எழுதுவதில்லை. ஆனால் திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் ஆகிய பகுதிகளில் நாயின் வேலை குறையவில்லை, கூடியிருக்கிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. பின்னர் லாரி ஆலையும் மோட்டார் சைக்கிள் ஆலையும் வந்தன. இன்று பல வயல்களின் வரப்பு ஆலையின் சுற்றுச்சுவரில் போய் முடிகிறது. மூன்று ஷிப்டும் ஆள் நடமாட்டம் உள்ள ஊரில், பம்பு செட்டின் தாமிரக் கம்பியையும் ஆட்டுப்பட்டியையும் இரவில் காத்து வருவது அந்த நாய்தான்.

அப்படி உழைத்த நாய்க்குப் பத்து வயது ஆகிறது. ஒருநாள் படுத்த இடம் நனைந்திருக்கிறது. அல்லது காலைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றும் சொட்டுச் சொட்டாகவே வருகிறது. "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் எதிர்க்கோடிக்குப் போய், கடன் வாங்கியேனும் வைத்தியம் பார்த்துவிட வேண்டும் என்று வண்டி பிடிக்கிறார்கள். இரண்டிலும் ஆராய்ந்து எடுத்த முடிவு இல்லை. முதுமை ஒரு நோயன்று. முதிர்ந்த நாய்க்கு வரும் சிறுநீர்க் கோளாறு பலவகைப்படும். அவற்றுள் சில மிகக் குறைந்த செலவில் முற்றிலும் தீர்ந்துவிடும், சில எவ்வளவு செலவிட்டாலும் தீரா. எது எந்த வகை என்று அறியாமல் செலவைப் பற்றி முடிவெடுப்பது, மண் பரிசோதனை செய்யாமல் உரம் வாங்குவது போன்றதாகும்.

உழவியல் கற்பிப்பவன் நாயைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். பாய் நாற்றங்கால் பயிற்சி முடிந்ததும் உழவர்கள் தனியே வந்து கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. மருந்தையும் அதன் அளவையும் முடிவு செய்ய வேண்டியவர் கால்நடை மருத்துவரே. அவரிடம் போகுமுன் உழவர் கவனிக்க வேண்டியதும், போனபின் கேட்க வேண்டியதுமே இங்கு எழுதப்படுகின்றன.

சிறுநீர் வருகிறதா, இல்லையா?

முதலில் பார்க்க வேண்டியது இதுதான். நாய் மீண்டும் மீண்டும் முக்குகிறது, சொட்டுக்கூட வரவில்லை, அடிவயிறு உப்பித் தொட்டால் முனகுகிறது என்றால், வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். இதற்கு நாளைவரை காத்திருக்கலாகாது. சிறுநீர் தேங்கினால் உடலில் பொட்டாசியம் உயர்ந்து இதயம் நிற்கும். சிறுநீர்ப்பை வெடித்துவிடவும் கூடும். கடுவன் நாய்க்கு ஆண்குறியினுள் ஓர் எலும்பு உண்டு. சிறுநீர்ப்பையிலிருந்து நழுவி வரும் கல் பெரும்பாலும் அந்த எலும்பின் பின்புறத்தில் வந்து சிக்கிக்கொள்கிறது. பெட்டை நாய்க்கு வடிகுழாய் அகலமாகவும் குட்டையாகவும் இருப்பதால் முழு அடைப்பு அரிது. அடைப்பை நீக்கும் குழாயைச் செலுத்துவது தேர்ந்த மருத்துவர் கைக்கு அரை மணி நேர வேலைதான். ஆனால் ஒரு நாளுக்குமேல் கடந்துவிட்டால், கல் நீங்கினாலும் சிறுநீரகம் மீளுமா என்பது ஐயமே. வயிற்றைப் பிசைந்து சிறுநீரை வெளியேற்ற முயல வேண்டாம்.

முக்குதல் என்றதும் மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டுவது நம் பக்கத்து வழக்கம். பின்னங்கால்களை அகட்டி, வாலை உயர்த்தி, முதுகை வளைத்து முக்கினால் மலத்திற்காக. முதுகு அதிகம் வளையாமல் தாழ்ந்து நின்றால் சிறுநீருக்காக. இரண்டுக்கும் சேர்ந்தே முக்கும் நாயும் உண்டு. அதைப் பற்றி அடுத்துச் சொல்லப்படுகிறது.

சிவந்த சிறுநீர்

சிவப்பாகப் போகிறது என்ற ஒரே வார்த்தையில் குறைந்தது நான்கு நோய்கள் அடங்கியுள்ளன. ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து, அசைக்காமல் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். சிவப்பு அடியில் படிந்து மேல்நீர் தெளிந்தால் அது பெரும்பாலும் இரத்தம். தெளியாமல் முழுவதும் தேநீர்ப் பொடி ஊறிய நிறமாகவே இருந்தால், உண்ணிக் காய்ச்சலை நினைக்க வேண்டும். உண்ணி பரப்பும் பெபீசியா என்னும் நுண்ணுயிர் இரத்தச் சிவப்பணுக்களை உடைப்பதால் அதன் சாயம் சிறுநீரில் இறங்குகிறது. நாயின் ஈறும் கண்ணின் உட்புறமும் வெளுத்திருக்கும். இது சிறுநீரக நோயே அன்று. ஒரு சொட்டு இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் பல சமயம் தெரிந்துவிடும்.

இரத்தந்தான் என்றால், எப்போது வருகிறது என்று பாருங்கள். சிறுநீர் கழிக்காத நேரத்திலும் குறியின் முனையில் சொட்டினால் இரண்டு காரணங்கள் முக்கியமானவை. முதலாவது புராஸ்டேட் வீக்கம். ஆண்மை நீக்கம் செய்யப்படாத கடுவன்களில் 5 வயதுக்குமேல் இந்தச் சுரப்பி பெருப்பது மிகச் சாதாரணம். அது பெருத்து மலக்குடலை அழுத்துவதால் மலம் நாடாபோல் தட்டையாக வரும்; நாய் இரண்டுக்கும் முக்கும். இதற்கு நெடுநாள் மருந்து தேவையில்லை. காயடித்துவிட்டால் சில வாரங்களிலேயே சுரப்பி சுருங்கிவிடும். "இத்தனை வயசுக்குமேல அறுவையா?" என்று தயங்க வேண்டாம். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக இருந்தால் பத்து வயது நாயும் இந்தச் சிறு அறுவையைத் தாங்கும்.

இரண்டாவது, இனச்சேர்க்கையால் தொற்றும் கட்டி. தெருவில் சுற்றும் நாய்களிடையே இது நம் நாட்டில் மிகுதி. காலிபிளவர் போன்ற சதை குறியின் உறைக்குள்ளோ பெட்டையின் யோனிக்குள்ளோ வளர்ந்து இரத்தம் கசியும். பார்ப்பவர்கள் புற்றுநோய் என்று கைவிடுகிறார்கள். கைவிடக்கூடாத நோய் ஒன்று உண்டென்றால் அது இதுதான். வின்கிரிஸ்டின் என்னும் ஊசியை வாரத்துக்கு ஒருமுறை வீதம் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலான நாய்கள் முற்றிலும் குணமடைகின்றன. கட்டி மறைந்துவிட்டதே என்று இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுவதுதான் நடக்கும் தவறு.

மூன்றாவது, சிறுநீர்ப்பையில் புண்ணோ கல்லோ. அடிக்கடி சிறிது சிறிதாகக் கழிக்கும், கடைசிச் சொட்டுகளில் இரத்தம் தெரியும், நாற்றம் வீசும். கிருமித் தொற்றுக்குக் கொடுக்கும் மாத்திரையை மருத்துவர் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். கல்லில் இரு வகை முக்கியம். கிருமித் தொற்றோடு சேர்ந்து உண்டாகும் ஸ்ட்ரூவைட் கல்லைத் தக்க உணவாலும் மருந்தாலும் கரைக்க முடியும். கால்சியம் ஆக்சலேட் கல் கரையாது; அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே "கல் இருக்கிறது" என்றால் "எந்தக் கல்?" என்று கேளுங்கள்.

மிகுதியாகக் குடித்து மிகுதியாகக் கழித்தல்

மேற்சொன்னவை கண்ணுக்குத் தெரியும் நோய்கள். இது தெரியாது. நாய்க்கு வலி இல்லை, முக்கல் இல்லை. தண்ணீர்த் தொட்டி மட்டும் சீக்கிரம் காலியாகிறது, இரவில் அடக்க முடியாமல் திண்ணையிலேயே போய்விடுகிறது. வீட்டாருக்குக் கோபம் வந்து, மாலைக்குமேல் தண்ணீர் வைப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இதைவிடக் கெடுதலான செயல் வேறில்லை. இத்தகைய நாய் குடிப்பதால் கழிப்பதில்லை. சிறுநீரை அடர்த்தியாக்க முடியாமல் கழிந்துவிடுவதால்தான் குடிக்கிறது. தண்ணீரை நிறுத்தினால் இரண்டே நாளில் படுத்துவிடக்கூடும்.

அளந்து பாருங்கள். காலையில் அளந்த தண்ணீரை வைத்து, மறுநாள் காலையில் மீதியை அளக்க வேண்டும். நாயின் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்குமேல் ஒரு நாளில் குடித்தால் அது நோய். 15 கிலோ நாய்க்கு ஒன்றரை லிட்டர். மூன்று நாள் அளந்து எழுதிக்கொண்டு போனால், மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

காரணம் நீரிழிவாக இருக்கலாம். கருத்தடை செய்யாத பெட்டை நாய், பருவம் முடிந்து ஓரிரு மாதத்திற்குள் இப்படிக் குடிக்கத் தொடங்கினால் கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். வெளியே சீழ் வடிந்தாலும் வடியாவிட்டாலும் உடனே அறுவை செய்ய வேண்டிய நோய் அது. முதிர்ந்த நாயில் அடிக்கடி காண்பது சிறுநீரகம் சிறிது சிறிதாகத் தேய்வது.

இதை அறிய ஒரு மலிவான சோதனை உண்டு. நெல் விதையைத் தேர்வு செய்ய உப்புக் கரைசலில் முட்டையை மிதக்கவிட்டுப் பதம் பார்க்கிறீர்கள் அல்லவா? அதே ஒப்படர்த்திதான் சிறுநீரிலும் பார்க்கப்படுகிறது. நல்ல சிறுநீரகம் சிறுநீரை 1.030க்குமேல் அடர்த்தியாக்க வல்லது. பலமுறை பார்த்தும் 1.008க்கும் 1.012க்கும் இடையிலேயே நின்றால் சிறுநீரகம் வேலையை நிறுத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் இவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுப்பதில்லை. சிறுநீரகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு கெட்ட பிறகே அது உயரும். 1.4 மில்லிகிராமுக்குக் கீழிருந்தால் நன்று, 2.9க்குமேல் நடுத்தரச் சேதம். 5க்குமேல் கடைசி நிலை. ஆனால் வாந்தியும் நீரிழப்பும் உள்ள நாளில் எடுத்த எண்ணை வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது. சலைன் ஏற்றியபின் மறுபடி பார்க்க வேண்டும்.

கருத்தடை செய்த பெட்டை நாய் விழித்திருக்கையில் ஒழுங்காகக் கழித்து, தூங்கும்போது மட்டும் நனைத்தால், அது வடிகுழாய்த் தசையின் தளர்ச்சி. மாத்திரையால் கட்டுப்படும், விலையும் பெரிதன்று. ஈரமான ரோமத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடாமல் கழுவித் துடைத்து வர வேண்டும்.

லாரி நிற்கும் இடங்களில் ஓர் ஆபத்து

ஒரகடம் – சிங்கப்பெருமாள்கோயில் சாலையிலும், வல்லம் பக்கத்திலும் லாரிகள் வரிசையாக நிற்பதையும் சாலையோர மெக்கானிக் கடைகளையும் பார்த்திருப்பீர்கள். ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்கால் என்ற பொருள் உண்டு. அது இனிப்பானது, நாய் விரும்பி நக்கும். முதல் சில மணி நேரம் குடித்தவன்போல் தள்ளாடும். பின் தேறிவிட்டதுபோல் தோன்றும். ஓரிரண்டு நாளில் சிறுநீரே நின்றுவிடும். சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகம் நிரம்பிவிடுவதே காரணம். முதல் எட்டுப் பத்து மணி நேரத்திற்குள் மாற்று மருந்து கொடுத்தால் பிழைக்க வழியுண்டு. சிறுநீர் நின்றபின் அநேகமாக இல்லை. நாய் தள்ளாடுவதைக் கண்டால் எங்கே போயிருந்தது என்று விசாரித்து, அதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். வீட்டு டிராக்டரின் கூலன்ட் கேனையும் மூடி வையுங்கள்.

இதே வரிசையில் சொல்ல வேண்டியது, வீட்டில் மீந்த மாத்திரை. மூட்டுவலிக்கென்று உங்களுக்குக் கொடுத்த டைக்ளோபினாக், ஐபுபுரூபன், காய்ச்சலுக்கான பாரசிட்டமால் ஆகியவற்றை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. கிழட்டு நாயின் சிறுநீரகத்துக்கு டைக்ளோபினாக் நஞ்சு. கழுகுகள் மடிவதை முன்னிட்டு, கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவதே 2006இல் தடை செய்யப்பட்டது. திராட்சையும் கிஸ்மிஸும்கூடச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வீட்டாரும் கறவை மாடும்

சிறுநீர்க் கோளாறுள்ள நாய்க்குக் காய்ச்சல், வாந்தி, கண்ணில் மஞ்சள் ஆகியவை சேர்ந்திருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீரால் கெட்ட தேங்கு நீரிலிருந்து நாய்க்கு வரும். நாயின் சிறுநீரிலிருந்து மனிதருக்கும் வரும். கறவை மாட்டுக்குத் தொற்றினால் கன்று வீசும். ஆகவே அத்தகைய நாயைக் கொட்டகையில் கட்டாதீர்கள். காலில் வெடிப்போ சேற்றுப்புண்ணோ உள்ளவர்கள் அந்த ஈரத்தை மிதிக்கலாகாது. கையுறை அணிந்து, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிக் கழுவ வேண்டும். வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் கண்டால், நாய்க்கு இந்த நோய் என்பதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இதற்கான மருந்தும் அடங்கும். வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாயின் குணம் திடீரென்று மாறியிருந்தால், மருந்து புகட்ட வாயில் கைவிட வேண்டாம்.

சிறுநீர் பிடிக்கும் முறை

அதிகாலையில் முதன்முதல் கழிப்பதே சோதனைக்கு ஏற்றது. நீண்ட காம்புள்ள அகப்பையை வெந்நீரில் கழுவிக் காயவைத்து, நாய் கழிக்கத் தொடங்கிய சில நொடிக்குப் பின் பக்கவாட்டில் நீட்டிப் பிடியுங்கள். பெட்டை நாய்க்குத் தட்டையான தட்டு வசதி. மருந்துக் கடையில் கிடைக்கும் சுத்தமான புட்டியில் ஊற்றி ஒரு மணி நேரத்திற்குள் சேர்ப்பியுங்கள். இயலாவிட்டால் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சில மணி நேரத்திற்குள் கொடுங்கள்.

முதலில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். அங்கே ஸ்கேன், எக்ஸ்ரே இல்லாவிட்டாலும், அங்குள்ள மருத்துவர் அடைப்பா இல்லையா என்று கைவைத்துப் பார்த்துச் சொல்வார். மேற்கொண்டு தேவைப்பட்டால் வேப்பேரி. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989 முதல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் அடங்கியது. அதன் மருத்துவமனையில் ஸ்கேன், அறுவை, நாய்க்கு டயாலிசிஸ் வரை உண்டு. திருப்பெரும்புதூரிலிருந்து சுமார் 40 கி.மீ. பேருந்தில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் குட்டியானை வாடகையையும் ஒருவரின் ஒருநாள் கூலியையும் செலவில் சேர்த்தே எண்ண வேண்டும்.

எதுவரை செலவிடுவது?

பயிர்ப் பாதுகாப்பில் பொருளாதாரச் சேத நிலை என்று ஒன்று சொல்வோம். தண்டுத் துளைப்பானால் 10 சதவீதக் குருத்து காய்ந்தால் மருந்தடி, அதற்குக் கீழென்றால் பொறு என்பது கணக்கு. விளைச்சலின் விலை தெரிவதால் அங்கே கணக்குப் போட முடிகிறது. பத்து வயது நாட்டு நாய்க்குச் சந்தை விலையே கிடையாது. "புதுக்குட்டி சும்மா கிடைக்கும்போது இதுக்கு எதுக்குச் செலவு?" என்று கேட்பவர் கணக்கில் பிழை இல்லை, ஆனால் அந்தக் கணக்கில் நாய் பட்ட பாடும் படப்போகும் பாடும் இடம்பெறவில்லை. என் கருத்து இது: விலையைக் கேட்குமுன், வைத்தியத்துக்குப்பின் நாய் எப்படி வாழும் என்று கேட்க வேண்டும்.

மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். இது ஒருமுறை செய்து தீர்வதா, நாள்தோறும் செய்ய வேண்டியதா? ஒருமுறை அறுவையோ சில ஊசியோ போதுமானால், எனது யோசனை செலவிடுங்கள் என்பதே. புராஸ்டேட் வீக்கம், தொற்றுக் கட்டி, கருப்பைச் சீழ், முதல்முறை வரும் கல் ஆகியவை இந்த வகை. நாள்தோறும் என்றால் யார் செய்வது என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். மகன் ஆலையில் இரவு ஷிப்டு, மருமகள் நூறு நாள் வேலை, வீட்டில் இருப்பவர் பாட்டி ஒருவரே என்றால், நாளுக்கு மூன்று வேளை மருந்து என்பது ஏட்டளவில் நிற்கும். அதை மறைக்காமல் சொன்னால் மருத்துவர் ஒரு வேளை மருந்தாக மாற்றித்தரவும் கூடும்.

சிறுநீரகத் தேய்வுக்குப் பூரண குணம் இல்லை, தள்ளிப்போடலாம். ஆரம்ப நிலையில் கண்டால் ஓரிரு ஆண்டுகூட நன்றாக வாழும் நாய்கள் உண்டு. கடையில் விற்கும் தனி உணவு நம்மில் பலருக்குக் கட்டாது. குழைந்த சோறு, முட்டையின் வெள்ளைக்கரு, எலும்பில்லாத கோழிக்கறி சிறிது என்று கொடுக்கலாம். இந்த அளவையும் மருத்துவர் எடைக்கேற்பச் சொல்ல வேண்டும். எலும்பு, ஈரல், கருவாடு, உப்பிட்ட குழம்பு ஆகியவற்றை நிறுத்துங்கள். போர்த் தண்ணீர் உப்பாகி நாய் குடிக்கத் தயங்கினால், நீங்கள் குடிக்கும் தண்ணீரையே வையுங்கள்.

திடீரென்று முற்றி வாந்தியும் சோர்வுமாய்க் கிடக்கும் நாய்க்கு, கெடு வைத்துப் பார்ப்பது நல்ல முறை. இரண்டு அல்லது மூன்று நாள் சலைன் ஏற்றி மறுபடி கிரியேட்டினின் எடுப்பது. இறங்கினால் தொடர்வது, இறங்காவிட்டால் நிறுத்துவது. இந்தக் கெடுவைச் சிகிச்சை தொடங்குமுன்பே மருத்துவரும் நீங்களும் பேசி முடிவு செய்யுங்கள். தொடங்கியபின் பேசினால், இன்னும் ஒரு பாட்டில், இன்னும் ஒரு நாள் என்று போய், பணமும் தீர்ந்து நாயும் வதைபட்டுச் சாகும்.

எப்போது போதும் என்று சொல்வது? மூன்று நாளாக எதையும் தின்னவில்லை. வாயில் புண், மூச்சில் சிறுநீர் வாடை. எழுந்திருக்க மாட்டாமல் தன் ஈரத்திலேயே கிடக்கிறது. குரல் கொடுத்தால் வால்கூட அசையவில்லை. இந்த நிலையில், மருத்துவரைக் கொண்டு ஊசி போட்டு அமைதியாக முடித்துவைப்பது பாவமன்று. சட்டத்துக்குப் புறம்பும் அன்று. மயக்க மருந்தை அளவுக்குமேல் செலுத்துவதால் தூங்கியபடியே உயிர் பிரியும். அதைவிட்டுக் குருணை மருந்தைச் சோற்றில் பிசைந்து வைப்பது கொடுமை. அதைத் தின்னும் பிற நாயும் பறவையும் சாகும்.

நிலத்தை விற்றுவிட்டு மனைப்பிரிவு வீட்டுக்கோ அடுக்குமாடிக்கோ குடிபோகும் குடும்பங்கள், பழைய நாயை இடிந்த கொட்டகையிலேயே விட்டுப்போவதை இப்பகுதியில் காண்கிறோம். வளர்த்த பிராணியைக் கைவிடுதல் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சிறுநீரை அடக்க முடியாத நாய் என்பதால் புது வீட்டில் இடமில்லை என்றால், அதைச் சொல்லியே மருத்துவரிடம் யோசனை கேளுங்கள். பல சமயம் ஒரு மாத்திரையிலோ, வாசலில் ஒரு பழைய சாக்கும் தினமும் அதை மாற்ற ஓர் ஆளும் இருந்தாலோ தீரக்கூடிய சிக்கலாக அது இருக்கும்.

நாய் இறந்தால் கிணற்றுக்கும் ஏரிக் கால்வாய்க்கும் தொலைவில், ஓர் ஆள் இடுப்புக்குமேல் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஊசி போட்டு முடித்த நாயின் உடலை வெளியில் எறியக் கூடாது. அந்த மருந்து உடலில் தங்கி, தின்ன வரும் பருந்தையும் நாயையும் கொல்லும். எலிக்காய்ச்சலால் இறந்திருந்தால், வீட்டிலும் அண்டையிலும் உள்ள மற்ற நாய்களுக்குத் தடுப்பூசி பற்றி அந்த வாரத்திலேயே கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.